முக ஓவியப் பிரதி சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

பழைய உருவப்படம் ஒன்றைப் பார்த்து அப்படியே வரைந்து முகம் வரையக் கற்றுக்கொள்பவர்களின் படங்களைத் திருத்திக் கொடுப்பது எனக்கு வாடிக்கையான வேலை. புகார்கள் புதிதாக எதுவும் வருவதில்லை, சுற்றிச் சுற்றி அதே ஏழெட்டுதான்: ஆள் மாதிரி இல்லை, தோல் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கிறது, கண் முறைக்கிறது, கறுப்பு வெளுத்துப் போச்சு. அதனால் அறிகுறி வாரியாகவே எழுதுகிறேன், உங்கள் படத்துக்கு எது பொருந்துகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

எடுத்துக்காட்டுக்கு முழுக்க டச்சு ஓவியர் வெர்மீர் 1665 வாக்கில் வரைந்த 'முத்துத் தோடு அணிந்த பெண்' படத்தையே வைத்துக்கொள்கிறேன், ஆரம்பிப்பவர்கள் ஆசைப்பட்டுக் கைவைப்பது அதில்தான். நெதர்லாந்தின் ஹேக் நகரிலுள்ள மவுரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கேன்வாஸில் ஆயில் பெயின்ட், உயரம் 44.5 செ.மீ., அகலம் 39 செ.மீ. நீங்கள் ரெம்பிராண்டையோ வெலாஸ்கெஸையோ எடுத்திருந்தாலும் சோதனைகள் இதேதான்.

ஒவ்வொரு அறிகுறிக்கும் கீழே காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், பணம் கேட்கும் காரணம் கடைசியில். மேலே இருப்பதைப் பார்க்காமல் புது டியூப் வாங்க ஓடாதீர்கள். தோல் நிறம் வரவில்லை என்று விலை கூடிய பெயின்ட் வாங்கி வருபவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கோளாறு வரைகோட்டில் இருக்கும், இல்லாவிட்டால் தலைக்கு மேல் எரிகிற பல்பில் இருக்கும்.

முகம் பார்க்கும் கண்ணாடி, ஃபோன், அளவுகோல், நுனியில் ஏதாவது எடை கட்டிய ஒரு நூல். சோதனைகளுக்கு இவை போதும்.

ஆள் மாதிரி இல்லை

அதிகம் வருவதும் அதிக நேரத்தைத் தின்பதும் இந்தப் புகார்தான். 'மாதிரி இல்லை' என்பதிலேயே மூன்று வகை உண்டு, முதலில் உங்களுடையது எந்த வகை என்று பிரித்துவிடுங்கள்.

*முகம் மொத்தமாக நீண்டோ அகன்றோ தெரிந்தால்*

கேன்வாஸை அளந்து பாருங்கள். மூலப்படத்தின் உயரத்தை அகலத்தால் வகுத்தால் 1.14 வரும். கடையில் கிடைக்கும் 40×50 செ.மீ. கேன்வாஸுக்கு அது 1.25. பார்த்து வரைய மூலப்படத்திலும் கேன்வாஸிலும் கட்டம் போடும்போது இரண்டையும் ஒரே எண்ணிக்கையில் பிரித்துவிட்டால் கட்டங்கள் ஒரு பக்கம் சதுரமாகவும் உங்கள் பக்கம் நீள்சதுரமாகவும் ஆகிவிடும், அவள் முகம் பத்து சதவீதம் நீண்டுவிடும். 40 செ.மீ. அகலத்துக்கு 45.6 செ.மீ. உயரத்தில் ஒரு கோடு போட்டு, மிச்சத்தை டேப் ஒட்டி மூடிவிட்டு வரையுங்கள்.

அளவு சரி, ஆனாலும் நெற்றிப் பக்கம் பெருத்து நாடிப் பக்கம் சிறுத்து இருக்கிறதா? கேன்வாஸை மேஜையில் படுக்க வைத்து வரைந்திருப்பீர்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்கும்போது மேல் பகுதி சுருங்கித் தெரியும், அதை ஈடுகட்டக் கை தானாகவே நீட்டிவிடும். கேன்வாஸை நிமிர்த்தி, மூலப்படத்தின் பிரின்ட்டை அதன் பக்கத்திலேயே, அதே உயரத்தில், அதே சாய்வில் வையுங்கள். மடியில் ஃபோன், எதிரே கேன்வாஸ் என்று வேலை செய்பவர்களுக்கு இந்தக் கோளாறு தீரவே தீராது.

*ஒரு பாதி சரி, மறுபாதி வேறு யாரோ*

கண்ணாடியில் இரண்டையும் பாருங்கள். முகத்தின் எந்தப் பாதி கோணியிருக்கிறது என்பது சட்டென்று தெரிந்துவிடும். முக்கால் பக்கம் திரும்பிய முகத்தில் குற்றவாளி எப்போதும் நம்மைவிட்டுத் திரும்பியிருக்கும் அந்தப்புறக் கண்தான். அது இந்தப்புறக் கண்ணைவிடக் குறுகலாக இருக்க வேண்டும், ஆனால் கண் என்றால் இவ்வளவு நீளம் என்று மனதுக்குள் ஒரு அளவு இருப்பதால் இரண்டையும் ஒரே நீளத்துக்கு வரைந்துவிடுகிறோம். அடுத்தது வாய். இரண்டு கண்களின் வெளி முனைகளையும் சேர்த்து ஒரு கோடு, வாயின் இரண்டு முனைகளையும் சேர்த்து ஒரு கோடு போட்டு, அவற்றின் சாய்வை மூலப்படத்தில் ஒருமுறை, உங்கள் படத்தில் ஒருமுறை ஒப்பிடுங்கள். எடை கட்டிய நூலை இந்தப்புறக் கண்ணின் உள்முனையில் தொங்கவிட்டால் அது மூக்கின் எந்த இடத்தையும் வாயின் எந்த இடத்தையும் தொடுகிறது என்பதையும் பாருங்கள்.

*அளவெல்லாம் சரி, ஆனாலும் அவள் இல்லை*

இரண்டு படத்தையும் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பது முதல் சோதனை. அதில் பிடிபடவில்லை என்றால் ஃபோனில் ஒன்றின் மேல் ஒன்றை வைக்கலாம்: உங்கள் படத்தை நேர் எதிரே, கொஞ்சம் தள்ளி நின்று, ஜூம் செய்து எடுங்கள், கிட்டே போய் எடுத்தால் லென்ஸே முகத்தை உப்ப வைத்துவிடும். லேயர் வசதி உள்ள ஏதாவது ஆப்பில் மூலப்படத்தின் மேல் பாதி ஒளிபுகும்படி வைத்து, ஒரு கண் முனையையும் நாடியையும் பொருத்துங்கள். எது விலகி நிற்கிறதோ அதுதான். பெரும்பாலும் அது நீங்கள் சந்தேகப்பட்டுத் திரும்பத் திரும்பத் திருத்திய இடமாக இருக்காது. வாயைப் பத்து தடவை அழித்து வரைந்திருப்பார்கள், பார்த்தால் மூக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்கும், வாய் பாவம் ஒழுங்காகத்தான் இருந்திருக்கும்.

பெயின்ட் ஈரமாக இருந்தால் பேலட் கத்தியால் வழித்துவிட்டுத் திருத்துங்கள். காய்ந்துவிட்டது, கண்ணை அரை சென்டிமீட்டர் நகர்த்தியாக வேண்டும் என்ற நிலை என்றால், திருத்துவதைவிட அடுத்த கேன்வாஸில் ஆரம்பிப்பதே வேகம். சொன்னால் யாரும் கேட்பதில்லை, அது வேறு.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது:* மூன்று சோதனையும் செய்தும் பிடிபடவில்லை என்றால் முக ஓவியம் சொல்லித்தருபவர் ஒருவரிடம் ஒரே ஒரு அமர்வு போதும். 'நல்லா இருக்கா' என்று கேட்காதீர்கள், 'முதல் தப்பு எங்கே' என்று கேளுங்கள். முதலாவதைச் சரிசெய்தால் மூன்றாவதும் நான்காவதும் தானாகக் காணாமல் போகும்.

தோல் நிறம் ஒத்துவரவில்லை

நிறம் கலக்கும் பலகையான பேலட்டைத் தொடுவதற்கு முன் மூன்று விஷயம். ஃபோனிலோ டேப்லெட்டிலோ இரவு நேர மஞ்சள் வடிப்பான் ஓடிக்கொண்டிருக்கிறதா? ஒளி அளவு தானாக ஏறி இறங்குகிறதா? இரண்டையும் அணைத்துவிடுங்கள். அப்புறம் படம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஒரே ஓவியம் இணையத்தில் ஒன்றில் மஞ்சளாகவும் இன்னொன்றில் நீலமாகவும் கிடக்கும். வெர்மீரின் 'பால்காரி' மஞ்சளடித்த பிரதிகளாகவே பரவிக்கிடந்ததால், அதை வைத்திருக்கும் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்துக்குச் சரியான நிறமுள்ள படத்தைத் தானே வெளியிட வேண்டியதாயிற்று. முத்துத் தோட்டுப் பெண்ணின் மேலிருந்த மஞ்சளேறிய வார்னிஷும் 1994-ல் நடந்த சீரமைப்பில் எடுக்கப்பட்டுவிட்டது, எனவே அதற்கு முந்தைய புத்தகங்களில் இருக்கும் முகத்துக்கும் இப்போதைய முகத்துக்கும் நிறமே வேறு. அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்திலிருந்து பெரிய அளவுப் படத்தை இறக்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது விளக்கு. மஞ்சள் பல்பின் கீழே கலந்த நிறம் காலையில் நீலம் பூத்து நிற்கும். பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாத இடத்தில் வைத்துப் பாருங்கள். இரவில்தான் நேரம் கிடைக்கிறது என்றால் 5000 கெல்வின், நிறத் துல்லியக் குறியீடு (CRI) 90-க்கு மேல் என்று அட்டையில் போட்டிருக்கும் பல்பு ஒன்று வாங்குங்கள். இந்த வேலைக்குப் பணம் செலவழிக்க உருப்படியான இடம் அதுதான், இன்னொரு சிவப்பு டியூப் இல்லை.

இது மூன்றும் சரி என்றால் கீழே பாருங்கள்.

*சுண்ணாம்பு அடித்த மாதிரி*

வெளிச்சம் கூட்ட வேண்டிய இடத்திலெல்லாம் வெள்ளையை மட்டும் சேர்த்திருக்கிறீர்கள். டைட்டானியம் ஒயிட் நிறத்தை வெளிறச் செய்வதோடு குளிரவும் வைக்கும். வெள்ளை சேர்க்கும் ஒவ்வொரு முறையும் ஒரு துளி எல்லோ ஆக்கரோ (மண் மஞ்சள்) வெர்மிலியன் சாயல் சிவப்போ கூடவே போகட்டும். அதைவிட முக்கியமாக, நெற்றி அவ்வளவு வெள்ளையா என்றே பாருங்கள். இரண்டு படத்தையும் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பக்கத்தில் வைத்தால், முத்தின் மேல் இருக்கும் ஒளிப்பொட்டைவிட நெற்றி எவ்வளவு அடர்த்தி என்பது தெரியும். நெற்றியிலேயே வெள்ளையைத் தீர்த்துவிட்டால் பொட்டு வைக்க என்ன மிச்சம் இருக்கும்?

*சேறு மாதிரி*

பிரஷ் கழுவாமல் ஒளிப்பகுதிக்கும் நிழல் பகுதிக்கும் மாறி மாறிப் போனது முதல் காரணம். இரண்டுக்கும் தனித்தனி பிரஷ் வைத்துக்கொள்ளுங்கள், பாதிச் சேறு அதோடு போய்விடும். ஈரத்தில் ஈரம் பூசி நேரம் போவது தெரியாமல் தேய்த்துக்கொண்டே இருந்தது இரண்டாவது. ஒரு தீற்றலை வைத்துவிட்டால் கையை எடுங்கள். பேலட்டில் டியூப்கள் அதிகமாகிப் போவது மூன்றாவது. சுவீடன் ஓவியர் ஆண்டர்ஸ் ஸோர்ன் பெயரில் வழங்கும் நான்கு நிற பேலட் உண்டு: வெள்ளை, எல்லோ ஆக்கர், வெர்மிலியன், ஐவரி பிளாக். இந்தப் பெண்ணின் முகம் முழுவதையும் அந்த நான்கில் முடித்துவிடலாம், நீலம் தலைத்துணிக்கு வந்தால் போதும்.

*ஆரஞ்சு பொம்மை மாதிரி*

முகம் முழுக்க ஒரே கலவையைப் பூசியிருக்கிறீர்கள். முகத்தில் கன்னமும் மூக்கும் காதும் சிவப்புப் பக்கம், நெற்றி கொஞ்சம் மஞ்சள் பக்கம், தாடையும் நிழலுக்குத் திரும்பும் இடமும் சாம்பல் பக்கம். வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம்தான், ஆனால் இல்லாவிட்டால் பிளாஸ்டிக் ஆகிவிடும். சோதனை எளிது: ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளைப் பிரின்ட் மேல் விரித்து, கலந்த நிறத்தை ஒரு பொட்டு அந்தந்த இடத்திலேயே வைத்துப் பாருங்கள். பொட்டு கண்ணுக்குத் தெரியாமல் கரைந்தால் கலவை சரி.

பிரின்ட்டே தப்பாக இருந்தால் இந்தச் சோதனை உங்களைக் கவிழ்த்துவிடும். நல்ல திரையில் இருப்பதற்கும் பிரின்ட்டுக்கும் வித்தியாசம் கண்ணில் பட்டால், நிறம் சரிபார்த்துப் புகைப்படம் அச்சிட்டுத் தருபவர்களிடம் ஒரு பிரதி போட்டுக்கொள்ளுங்கள்.

முகம் ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி பின்னணியில் நிற்கிறது

விளிம்புதான். முகத்தைச் சுற்றி எல்லா இடத்திலும் ஒரே கூர்மையில் கோடு ஓடினால் இப்படித்தான் ஆகும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு மூலப்படத்தைப் பாருங்கள், எந்த விளிம்பு முதலில் காணாமல் போகிறதோ அதை உங்கள் படத்திலும் காணாமல் போக்க வேண்டும்.

இந்தப் படத்தில் இதற்குச் சிறந்த பாடம் மூக்கு. மூக்குத் தண்டுக்கும் அந்தப்புறக் கன்னத்துக்கும் நடுவே வெர்மீர் கோடே போடவில்லை, இரண்டும் ஒரே வெளிச்சத்தில் கலந்து கிடக்கிறது. ஆனால் என்னிடம் வரும் பிரதிகளில் பத்துக்கு ஒன்பதில் அங்கே ஒரு பழுப்புக் கோடு இருக்கும், ஏனென்றால் அங்கே மூக்கு முடிகிறது என்பது நமக்குத் தெரியும். தெரிந்ததை வரைந்து தெரிவதை விட்டுவிடுகிறோம். அந்தக் கோட்டை உலர்ந்த மெத்தென்ற பிரஷால் லேசாக இழுத்துவிடுங்கள், காய்ந்திருந்தால் கன்னத்தின் நிறத்தையே அதன் மேல் கொண்டுபோங்கள்.

விளிம்பெல்லாம் மென்மையாக்கியும் தட்டையாகவே இருந்தால் மறுபடி கறுப்பு வெள்ளைப் படம்தான். நிழல் போதிய அளவு இறங்கியிருக்காது. இடப்பக்கமிருந்து வரும் ஒளி அது, வலப்பக்கக் கழுத்து நன்றாக இருட்டாக வேண்டும், பயந்து பயந்து பூசினால் வராது.

கண் முறைக்கிறது, அல்லது உயிரில்லை

முறைத்தால்: விழியின் வெள்ளையை டியூப் வெள்ளையில் பூசியிருப்பீர்கள். அது சாம்பல், அதிலும் மேல் இமைக்குக் கீழே இமையின் நிழல் விழுந்து இன்னும் அடர். கருவிழி முழு வட்டமாகத் தெரிந்தாலும் முறைக்கும், மேல் இமை அதன் தலையைக் கொஞ்சம் வெட்ட வேண்டும்.

உயிரில்லாமல் இருந்தால்: ஒளிப்புள்ளி கருமணியின் நட்ட நடுவில் இருக்கிறதா, இரண்டு கண்ணிலும் வெவ்வேறு பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒளி வரும் பக்கத்தில், ஒரே சாய்வில், நீங்கள் நினைப்பதைவிடச் சின்னதாக வையுங்கள். வாயின் முனையிலும் ஒரு சின்ன வெளிர் பொட்டு வைத்திருக்கிறார் வெர்மீர், அதை விட்டுவிட்டுக் கண்ணையே நோண்டிக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

இமை முடி வரையாதீர்கள். 2018-ல் மவுரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இந்தப் படத்தின் மேல் நடந்த ஆய்வில் மெல்லிய இமை முடிகள் இருப்பது கருவிகளில்தான் தெரிந்தது, வெறும் கண்ணுக்கு இல்லை.

முத்து கோலிக்குண்டு மாதிரி இருக்கிறது

வட்டம் போட்டு நிரப்பியிருப்பீர்கள். மூலத்தில் வட்டமே கிடையாது, தொங்கவிடும் கொக்கியும் கிடையாது. மேலே ஒரு கெட்டியான வெள்ளைத் தீற்றல், கீழே கழுத்துப்பட்டையின் பிரதிபலிப்பாக மங்கலான ஒரு பூச்சு, மிச்சமெல்லாம் கழுத்து நிழல்தான். வழித்துவிட்டு இரண்டே தீற்றலில் வையுங்கள்.

கறுப்புப் பின்னணி வெளுத்துத் திட்டுத்திட்டாக மங்கிவிட்டது

ஈர விரலால் லேசாகத் தொடுங்கள். தொட்ட இடம் ஆழமான கறுப்பாகி, காய்ந்ததும் மறுபடி மங்கினால் நிறம் போகவில்லை, எண்ணெயைக் கீழ்ப்பூச்சு உறிஞ்சிவிட்டது. பெயின்ட்டை நீர்க்க வைக்கும் டர்பன்டைன் அதிகம் கலந்திருப்பீர்கள், அல்லது கேன்வாஸில் முதலில் அடிக்கும் வெள்ளைப் பூச்சான ஜெஸ்ஸோ மலிவானதாக, நிறைய உறிஞ்சுவதாக இருக்கும். அம்பர் வகைப் பழுப்புகள் இதில் மோசம்.

படம் தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்த பிறகு, லின்சீட் ஆயிலும் (ஆளிவிதை எண்ணெய்) டர்பன்டைனும் சமபாகம் கலந்து, பஞ்சு நூல் வராத துணியில் தொட்டு மங்கின இடத்தில் மெல்லியதாகத் தேய்த்து, மிச்சத்தை வேறு துணியால் துடைத்து எடுங்கள். எடுப்பதுதான் முக்கியம், விட்டுவைத்தால் பிசுபிசுவென்று நின்று மஞ்சளாகிவிடும். அந்தத் துணிகளைக் கசக்கிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், லின்சீட் ஆயில் ஊறிய துணி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து மூடியுள்ள உலோக டப்பாவில் போடுங்கள்.

பின்னணி கறுப்பாகத்தான் இருக்க வேண்டுமா என்பதும் நீங்கள் முடிவு செய்ய வேண்டிய விஷயம். அதே 2018 ஆய்வில், அவளுக்குப் பின்னால் முதலில் இருந்தது பச்சைத் திரை என்று தெரிந்தது. அந்தப் பச்சையைத் தந்த சாயங்கள் நிறம் மாறி இப்படிக் கறுத்துவிட்டன. இன்றைய நிலையை வரைவதா, அன்றைய நிலையையா என்பதை ஆரம்பத்திலேயே தீர்மானியுங்கள், பாதியில் மாற்றினால் முகத்தின் சமநிலையே போய்விடும்.

காயவே மாட்டேன் என்கிறது

மெல்லிய ஆயில் பூச்சு தொட்டால் ஒட்டாமல் போக 2 முதல் 12 நாள் ஆகும், எனவே முதலில் பொறுமை. இருட்டறையிலோ ஈரம் நிறைந்த அறையிலோ சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தால் எடுத்து வெளிச்சமும் காற்றும் படும்படி வையுங்கள். ஐவரி பிளாக்கும் அலிசரின் என்ற அடர் சிவப்பும் மெதுவாகத்தான் காயும், அம்பர் வேகம். அடுத்த முறை கறுப்பில் கொஞ்சம் பர்ன்ட் அம்பர் கலந்துகொள்ளலாம்.

மூன்று வாரம் தாண்டியும் மெல்லிய இடம்கூடப் பிசுக்கென்று இருந்தால், பிரஷைச் சமையல் எண்ணெயில் கழுவினீர்களா என்று யோசியுங்கள். அதில் பல வகை காயவே காயாது, பிரஷில் மிச்சம் இருந்தது பெயின்ட்டில் சேர்ந்திருக்கும். அந்தப் பகுதியை வழித்தெடுப்பது தவிர வழியில்லை.

விரிசல், உரிதல்

உரிந்து தோலாக வந்தால், ஆயில் மேல் அக்ரிலிக் பூசினீர்களா என்பதே முதல் கேள்வி. பழைய ஆயில் படத்தின் மேல் ஜெஸ்ஸோ அடித்து மறுபடி பயன்படுத்துவதும் இதே தவறுதான், அது பிடிக்காது. சுரண்டி எடுத்துவிட்டு வேறு கேன்வாஸ் எடுங்கள்.

மெல்லிய விரிசல் ஓடினால், எண்ணெய் அதிகமுள்ள கீழ்ப்பூச்சு காயும் முன் எண்ணெய் குறைந்த பூச்சை மேலே போட்டிருப்பீர்கள். ஒவ்வொரு அடுக்கிலும் எண்ணெய் முந்தையதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். சீக்கிரமே வார்னிஷ் அடித்தாலும் வெடிக்கும், ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை விட்டுவிடுங்கள். கேன்வாஸ் தொளதொளவென்று ஆகிவிட்டால் பின்னால் இருக்கும் மர ஆப்புகளை லேசாகத் தட்டிப் பாருங்கள், சட்டமே கோணியிருந்தால் சட்டம் போடுபவரிடம் கொடுத்து மறுபடி இழுத்துக் கட்டச் சொல்லலாம்.

இதெல்லாம் நீங்கள் வரைந்த பிரதிக்கு மட்டும். பிரதி எடுக்க வைத்திருந்ததே வீட்டில் இருக்கும் பழைய அசல் உருவப்படம், அதில் பூச்சு உதிர்கிறது அல்லது பூஞ்சை பிடித்திருக்கிறது என்றால் மேலே சொன்ன எதையும் அதில் செய்யாதீர்கள், ஈர விரலால் தொடும் சோதனைகூட வேண்டாம். பூச்சுப் பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வைத்து, உதிர்ந்த துணுக்குகளை ஒரு உறையில் எடுத்து, பின்பக்கம் உட்பட எல்லாவற்றையும் ஃபோட்டோ எடுத்துவிட்டு, ஓவியப் பாதுகாப்பு நிபுணரைக் கூப்பிடுங்கள். எந்த அறையில் தொங்கியது, எப்போதிலிருந்து உதிர்கிறது, இதற்கு முன் யாராவது எதையாவது வைத்துத் துடைத்தார்களா என்று அவர் கேட்பார். பதிலை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.